அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி

ஆவடிப் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில், ராணுவத்தில் ஓடி முடித்த வண்டிகளை மொத்தமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர்கள் அவற்றைப் பூந்தமல்லி ரோட்டோரம் முள்வேலி போட்ட காலி மனைகளில் நிறுத்தி ஒவ்வொன்றாக விற்பார்கள். டிஸ்போசல் வண்டி என்று பெயர். முன்னால் மூன்று பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி, நாலு சக்கரத்துக்கும் இழுவை. இன்று என் மகன் காட்டுக்குள் ஓட்ட வேண்டும் என்று ஒரு பழைய வண்டியை வாங்கி, உயர்த்தி, பெரிய டயர் போட்டுக்கொண்டிருக்கிறான். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்கிறான். எனக்குப் புரிந்த விதத்தில் அவனுக்குப் புரிய வேண்டாம் என்று நானும் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்பக்கம் இருந்தன. தார் ரோட்டுக்குப் போக ஒரே மண் பாதை. ஐப்பசியில் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து கடப்பார்கள். பெண்கள் காத்திருப்போம். தண்ணீர் வடிய சில நாளும் ஆகும், பல நாளும் ஆகும்.

வண்டி வாங்குவதற்கு முந்தைய வருஷம் அத்தைக்கு, அதாவது அப்பாவின் ஒரே தங்கைக்கு, நிச்சயம் வைத்திருந்தார்கள். அன்று பார்த்து மழை. மாப்பிள்ளை வீட்டார் தார் ரோடு வரை வந்து தண்ணீரைப் பார்த்தார்கள். நல்ல காரியத்துக்குத் தண்ணீர் தடுக்கிறது என்று ஒரு கிழவர் சொன்னாராம். அப்படியே திரும்பிப் போனவர்கள் மறு மாதம் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். சமைத்து வைத்த வடையையும் கேசரியையும் நாங்கள் மூன்று வேளை தின்றோம். அத்தை ஒரு விள்ளல்கூட எடுக்கவில்லை. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த வருஷங்களில் அது எவ்வளவு பெரிய எண் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன் வந்து, கார்த்திகையில் கல்யாணம் என்று முடிவானது. முதல் நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கார்த்திகை என்றதும் அம்மாவின் முகம் வாடியது. அப்பா மட்டும், "இந்த வாட்டி தண்ணி வந்தா வரட்டும். தண்ணிக்குள்ளயே இட்டுகினு போறேன்" என்றார். அதற்காகத்தான் வண்டி. அதற்கப்புறம் செங்கல் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

வண்டி பார்க்கப் போனபோது நானும் போனேன். அப்பா, நான், என் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் ஒரு கியர் கம்பெனியில் பல் வெட்டும் மிஷினில் வேலை. அவர் அப்பாவை "மாமா" என்பார், அப்பா அவரை "மச்சான்" என்பார். அதிகம் பேச மாட்டார். வீட்டுக்கு வந்தால் ரேடியோவையோ மிக்சியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த மனையில் இரண்டு வண்டிகள் மிஞ்சியிருந்தன. ஒன்று புதுப் பச்சை பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. இன்னொன்றின் கதவு நசுங்கி, பெயின்ட் உரிந்து கிடந்தது. மாமா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டின் அடியிலும் படுத்தார். பளபளத்ததன் சட்டத்தில் சுத்தியால் லேசாகத் தட்டினார், துரு செதிலாகக் கொட்டியது. நசுங்கியதன் கியர் பெட்டி அடைப்பைத் திறந்து எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை.

"மாமா, இது தேவல. கதவு போனா போவுது, உள்ள சுத்தமா கீது" என்றார்.

அப்பா அன்று அவர் பேச்சைக் கேட்டார். அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அப்பா யார் பேச்சையும் கேட்காதவர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அன்று கேட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் தெருவுக்கு வேறு வேலை இல்லை. அதன் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பெட்ரோலும் நனைந்த கேன்வாஸும் கலந்த ஒரு வாசனை. என் பாவாடையில்கூட அடித்தது. புகைக்குழாயை நிமிர்த்தி, கேபின் ஓரமாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். காற்று இழுக்கும் குழாயையும் அப்படியே உயர்த்தினார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னும் இரண்டு பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கினார்கள். இன்ஜினில் தண்ணீர் படக் கூடாத இடங்களில் சைக்கிள் டியூப்பை வெட்டி உறை போட்டார்கள். எல்லாம் மாமாவின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தால் இருட்டுவதற்குள் திரும்புவார்.

டயர் மட்டும் அப்பாவின் யோசனை. அப்பா பத்து வருஷம் டிராக்டர் ஓட்டியவர். சேறு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார். டிராக்டருக்குப் பின் சக்கரம்தான் பெரிது, முன் சக்கரம் சும்மா திரும்புவதற்கு. ஆகவே ஒரு சின்ன டிராக்டரின் பின் டயர் இரண்டு வாங்கி, பூந்தமல்லி லேத்தில் ரிம்மை வெட்டி வெல்டிங் வைத்துப் பின்னால் மாட்டிவிட்டார். முன்னால் பழைய சின்ன டயரே இருந்தது. வண்டி பின்பக்கம் எகிறிக்கொண்டு நின்றது. தெருவே கைதட்டியது.

மாமா அடுத்த ஞாயிறு வந்து பார்த்தார். குனிந்து முன் டயரையும் பின் டயரையும் கையால் அளந்தார். பிறகு மெதுவாக, "மாமா, நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. நாலும் ஒரே சைஸ் இருந்தாத்தான்..." என்று ஆரம்பித்தார்.

அப்பாவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இன்னா மச்சான், பொண்ணு குடுத்த ஊட்டுக்காரன் பொண்ணு எடுத்தவனுக்கு வண்டி கத்துத் தர்றியா? உன் கம்பெனில பல்ல எண்ணு, சேத்த என்கிட்ட உடு."

எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். அதோடு டயர் பேச்சு முடிந்தது. அக்காவைக் கொடுத்த வீட்டில் எவ்வளவு பேசலாம் என்று அவருக்கு ஒரு அளவு இருந்தது. நம் காலத்துத் தம்பிகள் எல்லோருக்கும் இருந்த அளவுதான் அது.

பிறகு ஒரு நாள் அப்பா எங்களைச் சேக்காடு வரை தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். நாலு சக்கர இழுவைக்கு ஒரு தனி லீவர் உண்டு. ரோட்டில் அது தேவையே இல்லை. காட்டுவதற்காகப் போட்டார். வண்டி முறுக்கிக்கொண்டது. யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி திணறி, அடியில் டக் டக் என்று சத்தம். அப்பா, "பழைய வண்டி, முனவத்தான் செய்யும்" என்றார். தொட்டியில் உட்கார்ந்திருந்த மாமா என் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். மாமா கிரீஸ் வைக்க வண்டிக்கு அடியில் போனவர், ஒரு நீளமான இரும்புத் தண்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் ஸ்பேனர் வைத்திருந்த தகர டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாமா அது?"

"முன் சக்கரத்துக்குச் சக்தி இதுலதான் போவுது" என்றவர், சாக்பீஸ் எடுத்து முன் டயரிலும் பின் டயரிலும் ஒரு கோடு போட்டார். நான்கு பையன்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார். முன் டயர் கோடு ஒரு சுற்று வந்து கீழே தொட்டபோது பின் டயர் கோடு இன்னும் பாதி மேலேயே நின்றது. "பாத்தியா. ரெண்டையும் ஒரே கம்பில கட்டினா எங்கியாவது ஒடையணும். கியர் பெட்டி ஒடஞ்சா வண்டியே நாஸ்தி. அத்தை கல்யாணத்தன்னிக்கு நடு ரோட்ல நின்னுடும்."

"அப்பா கிட்ட சொன்னியா?"

"சொல்றேன். உங்கப்பா டயர மாத்தட்டும், நான் இத மாட்டிடறேன். நீ சொல்லாத. நான் சொல்ற விதமா சொல்லணும்." சாக்பீஸ் கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு, தண்டைச் சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்தார்.

அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவைச் சுற்றி யாராவது இருந்தார்கள். சின்னச் சேறுகளில் அந்தப் பெரிய பின் டயர்களே வண்டியை இழுத்துக்கொண்டு போயின. அப்பா லீவரைத் தள்ளிவிட்டு, "நாலும் எப்படி இழுக்குது பாத்தியா" என்பார். நான் தலையாட்டுவேன்.  பன்னிரண்டு வயதில் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்தது. அப்புறம் விடவே இல்லை.

பெண் அழைப்பு அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். மாமா காலையிலேயே நடந்து கடந்து, மாப்பிள்ளை வீட்டு வேனுக்கு வழி காட்ட தார் ரோட்டுக்குப் போயிருந்தார். பரண் பக்கம் அவர் இரண்டு முறை பார்த்ததை நான் கவனித்தேன். ஆனால் வீடு நிறைய ஆட்கள். அப்பா வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

கேபினில் அப்பா, அத்தை, நான். தொட்டியில் தார்பாலினுக்கு அடியில் அம்மாவும் நான்கு பெண்களும், சீர் வரிசைத் தட்டுகளும், டிரங்குப் பெட்டியும். அத்தை அரக்கு நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். மல்லிகையும் பெட்ரோலும் கலந்து எனக்குக் குமட்டியது.

தண்ணீர் ஓரத்தில் அப்பா வண்டியை நிறுத்தி இறங்கி, இன்ஜின் காற்றாடி தண்ணீரை வாரி அடிக்காமல் இருக்கப் பெல்ட்டைக் கழற்றினார். இதுவும் மாமா சொல்லிக் கொடுத்தது. எதிர்க்கரையில் வேன் நிற்பது தெரிந்தது. குடைகள், மேளக்காரர்கள், மாப்பிள்ளையின் அண்ணன், பக்கத்தில் மாமா. நடுவில் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

அப்பா லீவரைத் தள்ளினார். பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். அப்புறம் முன் சக்கரம் இரண்டும் ஒரு பள்ளத்தில் இறங்கின. செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்த பள்ளம். அப்பா அழுத்தினார். பின் டயர்கள் சுற்றிச் சேற்றை வாரி வீசின, வண்டி நகரவில்லை. மறுபடி அழுத்தினார். பின்பக்கம் இறங்கியது. கேபின் தரையில் தண்ணீர் வந்து என் கால் விரல்களைத் தொட்டது. அத்தை கால்களை மேலே தூக்கிப் பட்டுப் புடவையை மடியில் சுருட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். கண்ணாடி வளையல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

"நாலும் இழுக்கணுமே" என்று அப்பா தனக்குள்ளே சொன்னார். "முன்னால கனம் பத்தல."

அவர் கதவைத் திறந்து பின்னால் பார்த்துக் கத்தினார். "யம்மா, எல்லாரும் இறங்கி முன் பம்பர்ல ஏறி நில்லுங்க. முன் சக்கரம் அமுங்கினா கவ்விக்கும். புடிச்சுகினு நில்லுங்க போதும்."

அம்மாதான் முதலில் இறங்கினாள். இடுப்பு வரை தண்ணீர். வண்டிப் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அப்பாவின் கதவுக்கு நேராக வந்தபோது கால் வழுக்கி, ஒரு நொடி தலை மட்டும் தெரிந்தது. அப்பா எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டார். அம்மா இருமிக்கொண்டே மறுபடி பம்பரை நோக்கிப் போனாள். அவள் பின்னால் இன்னொருத்தியும் இறங்கிக்கொண்டிருந்தாள். பம்பருக்கு முன்னால்தான் பள்ளம்.

"அப்பா, வேணாம்" என்றேன். "முன் சக்கரம் இழுக்காது. மாமா அந்தத் தண்ட கழட்டி வெச்சிருக்காரு. பரண்ல கீது."

அப்பா என்னைப் பார்த்தார்.  இன்ஜினை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி வண்டிக்கு அடியில் முழுகினார். எழுந்தபோது முகத்தில் சேறு வழிந்தது. அவர் எதிர்க்கரையைப் பார்த்தார். மாமா அதற்குள் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் கயிற்றோடு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார். பின் சக்கரம் மட்டும் சேறு வீசியதைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவின் தாடை இறுகியது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தார்.

அத்தை முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, அந்தக் கரைல அவங்க நிக்கறாங்க. இங்க ஒரு சண்ட சத்தம் கேட்டா போதும், திரும்பிப் போய்டுவாங்க. இன்னா கேக்கணும்னாலும் என் கழுத்துல தாலி ஏறினப்புறம் கேளு."

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

மாமா வந்து கயிற்றை வண்டியில் கட்டினார். மறுமுனை கரையில் ஒரு பனைமரத்தில் இருந்தது. இருவரும் பேசிக்கொள்ளாமல் பெண்களை ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடிக்க வைத்தார்கள். அத்தைக்கு ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் கரையிலிருந்து இறங்கி வந்த மேளக்காரர் ஒருவர். கேபினுக்குள்ளேயே பட்டுப்புடவையைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து, அதிலிருந்த அம்மாவின் பழைய நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு அவள் நடந்தாள். பெட்டி ஒருவர் தலையில் போயிற்று.

என்னை மாமா தோளில் ஏற்றிக்கொண்டார். நடு ஓட்டத்தில் தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது. நான் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, சொல்லிட்டேன்."

"தெரியும். உங்கப்பா பாத்த பார்வைல தெரிஞ்சிகினேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "நீ சொன்னது சரி. நான்தான் சொல்லியிருக்கணும். கெட்டியா புடிச்சுக்கோ."

கரையில் மாப்பிள்ளையின் அண்ணன் குடையோடு நின்றிருந்தார். "இன்னா அண்ணாத்தே, பெரிய மிலிட்டரி வண்டினு சொன்னீங்க, இப்படி நின்னுபோச்சு? போன வருசமும் தண்ணிதான் தகராறு பண்ணிச்சாமே" என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். 

அப்பா சிரித்தார். "பழைய வண்டி. நான்தான் சரியா பாத்து வாங்கல. இருந்தா இன்னா, பொண்ணு வந்துட்டாளே, பட்டுல ஒரு சொட்டு சேறு பட்டுச்சா பாருங்க." பிறகு மாமாவின் தோளில் கை போட்டு அவரைத் தன் பக்கம் இழுத்தார். "என் மச்சான் இருக்கறப்ப எனக்கு இன்னா கவல." அந்தக் கை தோளை எப்படி அழுத்தியது என்று நான் கீழேயிருந்து பார்த்தேன். மாமா அசையவில்லை.

மேளம் அடித்தார்கள். அத்தை வேனில் புடவை மாற்றிக்கொண்டாள். மறுநாள் காலை தாலி ஏறியது. பந்தியில் அப்பா தன் கையால் மாமாவுக்குப் பாயசம் ஊற்றினார். மாமன் மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பூந்தமல்லிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து, ராணுவத்தில் டிரைவராக இருந்த ஒருவரிடம் இதைக் கேட்டேன். அந்த டயர்களோடு லீவரைப் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டியிருந்தால் கியர் பெட்டி உடைந்துதான் இருக்கும், உங்கள் மாமா செய்தது சரி என்றார். ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், முறுக்கு ஏறாது, அன்று தண்டு இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருக்கும், உங்கள் அப்பா நினைத்ததும் சரி என்றார். இருவரும் ஐந்து நிமிஷம் தனியாக உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு இப்போதும் இருவர் மேலும் கோபம் வருகிறது.

தண்ணீர் வடிந்ததும் டிராக்டர் வைத்து வண்டியை இழுத்தார்கள். அப்பா அதை வந்த விலைக்கு விற்றார். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

மாசியில் நான் வயதுக்கு வந்தேன். சடங்குக்குத் தாய்மாமன் இல்லாமல் முடியாது. பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டியவர் அவர், முதல் சீர் வைக்க வேண்டியவர் அவர். அம்மா தனியாக அம்பத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் அழைத்துவிட்டு வந்தாள். அப்பா போகவில்லை, தடுக்கவும் இல்லை.

மாமா வந்தார். தலையில் தென்னை ஓலைக் கட்டு, கையில் சீர்த் தட்டு. ஒரு மணி நேரம் யாரிடமும் பேசாமல் குடிசை கட்டினார். முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, தட்டோடு என்னிடம் வந்தார். பாவாடை தாவணி, வளையல், ஒரு ஜோடி கொலுசு. உறவு முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது அப்பா, மூலையில் நாற்காலியில் இருந்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டார். "இன்னா மச்சான், எல்லாம் முழுசா கீதா? இதுலயும் எதுனா கழட்டி ஊட்ல வெச்சிட்டு வந்திருக்கியா?"

பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ கேலி என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். மாமா தட்டை என் காலடியில் வைத்தார். கொலுசு ஒரு முறை சிணுங்கியது. அம்மாவைப் பார்த்து, "வர்றேன்க்கா" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

 அத்தை எழுந்தாள். அப்போது அவளுக்கு மூன்றாவது மாதம். தட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"என் கல்யாணத்துக்கு வாய மூடிகினு நின்ன இல்லண்ணா. இவளுக்காகவும் மூடிகினு இருந்திருக்கலாம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா தார் ரோட்டுக்கு நடக்கப் பத்து நிமிஷம் ஆகும். மாசி வெயிலில் அந்தப் பாதை காய்ந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அப்பா எழுந்திருக்கவில்லை. சடங்கு முடியும் வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். நானும் எழுந்திருக்கவில்லை.